ஜான்சன் அதிபர் நூலகம், ஆஸ்டின்: வாய்மொழி வரலாற்றையும் தொலைபேசி நாடாவையும் சேர்த்துப் படிக்க

டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் பத்து மாடி உயரத்துக்கு நிற்கிற, 1963 முதல் 1969 வரை அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் நூலகம் 1971 மே 22 அன்று திறக்கப்பட்டது. உள்ளே போனதும் கண்ணாடிக்குப் பின்னால் மாடி மாடியாக அடுக்கிய சிவப்புப் பெட்டிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் அதிபரின் தங்க முத்திரை. பெரும்பாலானவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மதிப்புரை அவர்களுக்கானது அல்ல. பத்தாவது மாடி வாசிப்பறைக்குப் போகிறவர்களுக்கும், வீட்டிலிருந்தே டிஸ்கவர் எல்.பி.ஜே. என்ற இணையத் தொகுப்பில் தேடுகிறவர்களுக்கும் எழுதியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்க அதிபர் ஒருவரின் ஆட்சியை நான்கு கோணத்தில் உரசிப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. அந்த ஆட்சியை அருகிலிருந்து பார்த்தவர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்மொழி நேர்காணல்கள், சுமார் 643 மணி நேரத் தொலைபேசிப் பதிவுகள், அதிபரின் நாளைச் செயலாளர்கள் நிமிடக் கணக்கில் எழுதிய தினக்குறிப்பு, சுமார் 4.5 கோடிப் பக்கக் காகிதங்கள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் ஏமாந்துதான் போவார். குறிப்பாக நேர்காணலை மட்டும் படிப்பவர்.

நேர்காணல்களிலிருந்து தொடங்குவோம். 1968-இல், ஜான்சன் பதவியில் இருக்கும்போதே, டெக்சாஸ் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஜோ ஃப்ரான்ட்ஸ் தலைமையில் இந்தத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் மைக்கேல் ஜில்லெட் பொறுப்பேற்று நடத்தினார். ஃப்ரான்ட்ஸ் காலத்து நேர்காணல்களுக்கும் ஜில்லெட் காலத்தவற்றுக்கும் குணமே வேறு. 1969-இல் வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்கிடம் பேசும்போது வியட்நாம் போர் முடியவில்லை. பதவியை விட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நினைவு பசுமையாக இருக்கும், ஆனால் வாய் கட்டுப்பட்டிருக்கும். 1980களில், ஜான்சனுக்காக நாடாளுமன்றத்தோடு பேசும் பொறுப்பில் இருந்த லாரன்ஸ் ஓ'பிரையன் இருபதுக்கும் மேற்பட்ட அமர்வுகளில் பேசியதில் அந்தத் தயக்கம் குறைவு, விவரம் அதிகம். ஆனால் இருபது ஆண்டில் படித்த புத்தகங்களும் கேட்ட விவாதங்களும் நினைவோடு கலந்திருக்கும். எந்த நேர்காணலைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தேதி.

அடுத்து கேள்வி கேட்டவர் யார் என்று பாருங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாராவின் நேர்காணல் 1975 ஜனவரி 8 அன்று எடுக்கப்பட்டது. எடுத்தவர் வால்ட் ராஸ்டோ, ஜான்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர். ஒரே அமைச்சரவை மேசையில் உட்கார்ந்து போரை நடத்திய இருவர்! எந்தக் கேள்வி வரும், எது வராது என்பதை அந்த முதல் பக்கமே சொல்லிவிடுகிறது. அதே மெக்னமாரா 1993-இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலெக்கிடம் மறுபடி பேசியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது சரியில்லை. மாணவர்களுக்கு இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

மூன்றாவதாக, பேச்சை எழுத்தில் இறக்கிய எழுத்துப்படியோடு இணைந்திருக்கும் ஒப்பந்தப் பக்கம், பெரும்பாலும் கடைசியில் இருக்கும். நேர்காணல் கொடுத்தவர் உரிமையை அரசுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது. பழையவற்றில் பொதுச் சேவைகள் நிர்வாகத்தின் பெயர் தலைப்பில் இருக்கும், ஏனென்றால் இந்த நூலகத்தை நடத்தும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 1985 வரை அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. யார் படிக்கலாம், எப்போது திறக்கலாம், யாரிடம் அனுமதி கேட்டு மேற்கோள் காட்டலாம் என்ற நிபந்தனைகள் எல்லாம் அதில்தான். பேசிய தேதிக்கும் கையெழுத்திட்ட தேதிக்கும் நடுவே ஆண்டுகள் இருந்தால் சற்று நிதானியுங்கள். எழுத்துப்படியைத் திருத்த நேர்காணல் கொடுத்தவருக்கு வாய்ப்புத் தரப்படுவது வழக்கம். பேச்சில் வந்த கோபம் எழுத்தில் மழுங்கியிருக்கலாம். முக்கியமான ஒரு வாக்கியத்தின் மேல் வாதத்தைக் கட்டப்போகிறீர்கள் என்றால் ஒலிநாடா கேட்கக் கிடைக்குமா என்று காப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இந்தத் திட்டத்தில் இல்லாத குரல்களையும் கணக்கில் வையுங்கள். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்டார், அதனால் அவருடைய நேர்காணல் இல்லை. ஆனால் 1965 ஜனவரி 15 அன்று அவரும் ஜான்சனும் பேசிய தொலைபேசிப் பதிவு இருக்கிறது. வாக்குரிமை மறுக்கப்படும் மிக மோசமான இடத்தைத் தெற்கில் கண்டுபிடித்து நாட்டுக்குக் காட்டுங்கள் என்று அதிபர் சொல்வதும், தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் வாக்கு சேர்ந்தால் அரசியல் கணக்கே மாறும் என்று கிங் விளக்குவதும் அவரவர் குரலிலேயே கேட்கும். பின்னாளில் பிறர் சொன்ன நினைவுகளில் அந்த நிதானம், அந்த இடைவெளிகள் கிடையாது.

இனி நாடாக்கள், அதாவது அந்தத் தொலைபேசிப் பதிவுகள். இந்த நூலகத்தின் பெரிய செல்வம் இதுதான், பெரிய தொல்லையும் இதுதான். ஜான்சன் பயன்படுத்தியது பெரும்பாலும் டிக்டாபெல்ட் என்ற கருவி. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று உருளையில் சுற்றும், ஊசி அதில் பள்ளம் அழுத்தும். ஒரு பட்டையில் சுமார் 15 நிமிடம் பிடிக்கும். காந்த நாடாபோல் அழித்துவிட்டு மேலே பதிய முடியாது. ஆனால் பட்டையைத் தட்டையாக மடித்து வைத்தால் மடிப்பு விழும், மடிப்பின் மேல் ஊசி ஏறும்போதெல்லாம் 'தொக் தொக்' என்று தட்டும். பல உரையாடல்களில் இந்தத் தட்டல் சீராகத் திரும்பத் திரும்பக் கேட்கும். யாரோ மேசையைத் தட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பேச்சு நடுவில் ஆரம்பிப்பதும் சகஜம். பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றினால் ஜான்சன் விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டுவார், செயலாளர் அதைப் பார்த்த பிறகுதான் கருவி ஓடும். ஆகவே எது பதிவாகியிருக்கிறது என்பதே ஒரு தேர்வு. மறுமுனையில் இருந்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது, ஜான்சனுக்குத் தெரியும். இதை மறந்து நாடாவை ஒளிவு மறைவற்ற உண்மை என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும்.

ஜான்சன் 1973 ஜனவரி 22 அன்று இறந்தார். அடுத்த சில நாட்களில் அவருடைய உதவியாளர் மில்ட்ரெட் ஸ்டெகால் நாடாப் பெட்டிகளை நூலகத்திடம் ஒப்படைத்தார், 50 ஆண்டுகள் திறக்கக் கூடாது என்ற அறிவுறுத்தலோடு. அப்படியே விட்டிருந்தால் 2023 வரை ஒரு சொல்லும் வெளியே வந்திருக்காது. நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன் 1990களின் தொடக்கத்தில் திறக்க முடிவெடுத்தார். பிளாஸ்டிக் காத்திருக்காது என்பது ஒரு காரணம். கென்னடி கொலை ஆவணங்களைத் திறக்கச் சொல்லி 1992-இல் வந்த சட்டமும் அழுத்தம் கொடுத்தது. பிறகு காலவரிசையில் சிறிது சிறிதாக வெளியிட்டு, கடைசித் தொகுதி 2008 டிசம்பரில் வந்தது. மிடில்டனின் அந்த முடிவுக்கு ஆய்வுலகம் பெரும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

நாடாவைக் குறிக்கும் எண்ணைப் புரிந்துகொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி. டபிள்யூஎச்6408.05 (WH6408.05) என்று இருந்தால், முதல் இரண்டு எழுத்து வெள்ளை மாளிகை, 64 ஆண்டு, 08 மாதம், புள்ளிக்குப் பின் வருவது அந்த மாதத்தின் ஐந்தாவது நாடா. இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி மேற்கோள் எண் உண்டு. அடிக்குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள். பெயரையும் தேதியையும் மட்டும் எழுதினால், ஒரே நாளில் ஒரே ஆளோடு நாலு தடவை பேசியிருக்கும் அதிபரிடம் அது எந்த அழைப்பு என்று பின்னால் வருகிறவர் திண்டாடுவார்.

எழுத்துப்படிகளை நம்பி இறங்க வேண்டாம். செயலாளர்கள் அன்றைக்கே அவசரமாகத் தட்டச்சு செய்த படிகள் சில உரையாடல்களுக்கு உண்டு, அவை முழுமையானவை அல்ல. பலரும் எடுத்துச் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. வெளியே தனக்காகக் காத்திருப்பவர்களை ஜான்சன் 'பேக் ஆஃப் பாஸ்டர்ட்ஸ்' என்று ஏசியதுபோல் ஒரு படியில் பதிவாகியிருந்தது. ஒலியைக் கேட்டால், காத்திருந்தவர் 'பாகிஸ்தான் அம்பாசடர்'! டெக்சாஸ் மலைப்பகுதி உச்சரிப்பு, தேய்ந்த பட்டை, களைத்த செயலாளர் மூன்றும் சேர்ந்தால் ஒரு தூதர் வசைச்சொல் ஆகிவிடுகிறார். நல்ல ஹெட்போன் போட்டு, ஒரே துண்டைக் குறைந்தது மூன்று முறை கேளுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம் குழுவாக உட்கார்ந்து பலமுறை சரிபார்த்த எழுத்துப்படிகளை வெளியிடுகிறது. அது இருக்கும் உரையாடலுக்கு அதையே துணையாக வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் காதுதான் கடைசி நீதிபதி. 1964 ஆகஸ்டில் கால்சட்டை தைக்கச் சொல்லி ஹேகர் நிறுவனத்துக்குப் பேசிய அழைப்பு இணையத்தில் வலம் வருகிறதே, அது சுவையானதுதான். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம்.

தினக்குறிப்பைப் பலர் சலிப்பூட்டும் பட்டியல் என்று ஒதுக்குகிறார்கள். பெரிய தவறு. மற்ற மூன்று சான்றுகளையும் கோக்கும் நூல் அதுதான். ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் நேரம். அடுத்த சிறு கட்டத்தில் ஆங்கில எஃப் (F, from) அல்லது டி (T, to) என்ற ஒற்றை எழுத்து, அழைப்பு வந்ததா அதிபரிடமிருந்து போனதா என்பதற்கு. அதன் பக்கத்தில் உள்ளூரா வெளியூரா என்ற குறி. பிறகு யார், எங்கே, கூட யார் இருந்தார்கள் என்ற வரி. நடுநடுவே செயலாளரின் சொந்தக் கவனிப்பும் எட்டிப் பார்க்கும். ஒரு நேர்காணலில் 'அன்று மாலை அதிபரே என்னை அழைத்தார்' என்று ஒருவர் சொன்னால் அந்த ஒற்றை எழுத்தைப் பாருங்கள். அழைத்தது அவராகவே இருக்கக்கூடும். அழைப்பே இல்லாமலும் இருக்கலாம்.

வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடா விவகாரத்தை இந்த முறையில் பார்ப்பது நல்ல பயிற்சி. 1964 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மீது இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் சொல்லித்தான் வடவியட்நாம் மேல் குண்டு வீசினார்கள், போர் நடத்த அதிபருக்கு அதிகாரம் தரும் நாடாளுமன்றத் தீர்மானமும் நிறைவேறியது. அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை என்று தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் உள்வரலாறே முடிவு செய்ததை 2005-இல் வெளியிட்டார்கள். முதலில் தினக்குறிப்பில் ஆகஸ்ட் 3, 4 பக்கங்களை எடுத்து மெக்னமாராவின் அழைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அந்த நேரங்களுக்குரிய நாடாக்களைக் கேளுங்கள். செய்தி உறுதியாவதற்கு முன்பே பதிலடியைப் பற்றிய பேச்சு எப்படி முன்னே ஓடுகிறது என்று காதாலேயே உணரலாம். அதன்பின், அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் அலுவலகம் வைத்திருந்த தேசியப் பாதுகாப்புக் கோப்புகள். கடைசியாகத்தான் மெக்னமாராவின் 1975, 1993 நேர்காணல்கள். இந்த வரிசை மாறி நேர்காணலில் தொடங்கினால், அவர் சொன்ன சட்டகத்துக்குள் மற்றதையெல்லாம் அடைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

காகிதப் பகுதிக்கு வருவோம். வெள்ளை மாளிகை மையக் கோப்புகள் பொருள்வாரியாகக் குறியீட்டு எழுத்துகளில் அடுக்கப்பட்டவை. போர்கள் என்.டி. 19, வியட்நாம் சி.ஓ. 312 என்பதால், வியட்நாம் போருக்கு இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும். வெளியுறவு விஷயமாக இருந்தால் தேசியப் பாதுகாப்புக் கோப்பின் நாட்டுவாரிப் பிரிவுதான் செழிப்பானது. அதிபரின் உதவியாளர் டாம் ஜான்சன் எடுத்த கூட்டக் குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். பெட்டி எண்களைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. வெளியுறவுத் துறை வெளியிடும் அமெரிக்க வெளியுறவு ஆவணத் தொகுதிகளை முதலில் படியுங்கள். 1964 முதல் 1968 வரையிலான தெற்காசிய ஆவணங்கள் 25-ஆம் தொகுதியில் உள்ளன. ஒவ்வொரு ஆவணத்தின் கீழும் அது ஜான்சன் நூலகத்தில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். அச்சில் வந்த ஒரு கடிதத்தின் கோப்பைத் திறந்தால் அச்சில் வராத பத்துக் கடிதங்கள் கூடவே கிடக்கும்.

கோப்பைத் திறந்ததும் முன்னால் ஒரு விலக்கல் படிவம் இருந்தால் அலுத்துக்கொள்ளாமல் படியுங்கள். எடுத்துவைக்கப்பட்ட ஆவணங்களின் வகை, தேதி, யார் யாருக்கு எழுதியது, எத்தனை பக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஓரத்தில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து. ஏ என்றால் தேச பாதுகாப்பு ரகசியம், பி என்றால் சட்டமோ எழுதிய துறையோ தடுத்திருக்கிறது, சி என்றால் நன்கொடைப் பத்திரத்தின் நிபந்தனை. ஏ என்று இருந்தால் ரகசிய நீக்க மறுஆய்வு கேட்டு விண்ணப்பிக்கலாம், மறுத்தால் துறைகளுக்கு இடையிலான மேல்முறையீட்டுக் குழு வரை போகலாம். ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் ஆண்டில் விண்ணப்பித்துப் பயனில்லை, முதல் ஆண்டிலேயே போட்டுவிடுங்கள். இங்கே பலர் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டுக் காலத்தை வீணாக்குகிறார்கள். அதிபர் ஆவணங்களை அரசின் சொத்தாக்கிய 1978 சட்டம் 1981 ஜனவரி 20-க்குப் பின் வந்த ஆட்சிகளுக்குத்தான். ஜான்சனின் காகிதங்கள் நன்கொடையாகக் கொடுக்கப்பட்டவை, அந்தக் கதவு இங்கே திறக்காது.

எதிர்பாராததும் சில நேரம் திறக்கும். 1973 ஜூனில் ராஸ்டோ ஒரு மூடிய உறையை மிடில்டனிடம் கொடுத்தார், 50 ஆண்டுக்குப் பின் இயக்குநர் மட்டும் தனியாகத் திறந்து பார்க்கலாம் என்று எழுதி. 1994-லேயே திறந்தார்கள். 1968 தேர்தல் நேரத்தில் பாரிஸ் அமைதிப் பேச்சைத் தெற்கு வியட்நாம் தள்ளிப்போடும்படி எதிர்க்கட்சி வேட்பாளர் நிக்சன் தரப்பிலிருந்து, அவருக்காக நிதி திரட்டிய அன்னா ஷெனால்ட் வழியாகத் தூண்டப்பட்டது பற்றிய உளவுத் தகவல்கள் அதற்குள் இருந்தன. அதே வாரங்களின் தொலைபேசி நாடாக்களும் இப்போது திறந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும்.

வாசிப்பறை நடைமுறை கறாரானது, ஆனால் நியாயமானது. கட்டணம் இல்லை. போவதற்கு முன் எழுதி நேரம் குறித்துக்கொள்ளுங்கள், பார்க்க வேண்டிய கோப்புகளின் தலைப்புகளையும் அந்தக் கடிதத்திலேயே அனுப்புங்கள். படம் ஒட்டிய அடையாள அட்டை தேவை, பாஸ்போர்ட் போதும். பையும் மேல்கோட்டும் லாக்கரில். பேனா கூடாது, பென்சில்தான். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு கோப்பு. காகிதங்களின் வரிசை மாறக் கூடாது, ஸ்டேப்பிளைப் பிரிக்கக் கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் கேமராவில் எடுக்கலாம். முதலில் பெட்டியின் லேபிள், பிறகு கோப்பின் தலைப்பு, அதன்பின் ஆவணம் என்ற வரிசையில் எடுங்கள். ஊருக்குத் திரும்பி இரண்டாயிரம் படங்களை விரித்துப் பார்க்கும்போது எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் தவிப்பவர்கள் அந்த இரண்டு கூடுதல் கிளிக்கைத் தவிர்த்தவர்கள்தான். ரகசிய நீக்க முத்திரையும் படத்தில் விழ வேண்டும். பயணச் செலவுக்கு நூலக அறக்கட்டளை 'மூடி' (Moody) என்ற பெயரில் தரும் ஆய்வு நல்கை உண்டு, வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுவது நல்லது.

இணையத் தொகுப்பின் குறை, தேடல் பெட்டிதான். பெயரைப் போட்டால் அவர் கொடுத்த நேர்காணல் வரும், அவரைப் பற்றிப் பிறர் பேசியது எல்லாம் வந்துவிடும் என்று எண்ண முடியாது. பழைய தட்டச்சுப் பக்கங்களை இயந்திரம் படித்ததில் எழுத்துகள் சிதைந்திருப்பதும் ஒரு காரணம். வெளிநாட்டுப் பெயர்கள் கேட்டபடிக்குத் தட்டச்சாகியிருப்பது இன்னொன்று. பெயரோடு நிற்காமல் பதவி, ஊர், மாதம் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். காகிதங்களில் பெரும்பகுதி இணையத்தில் இல்லவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் பக்கத்து ஆய்வாளர்களுக்கு இங்கே நேரடியாக ஒரு வேலை காத்திருக்கிறது. தேசியப் பாதுகாப்புக் கோப்பில் 1966 ஆகஸ்ட் முதல் 1967 பிப்ரவரி வரையிலான இந்தியப் பஞ்சம் பற்றித் தனித் தொகுப்பு உண்டு. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமையை மாதக் கணக்கில் அளந்து அளந்து ஜான்சன் அனுப்பிய காலம். அதற்கு முன் 1965 நவம்பரில் ரோமில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் இந்திய வேளாண் சீர்திருத்தம் பற்றிச் செய்துகொண்ட உடன்பாட்டின் தடங்களும் இந்த நூலகத்தில் தேடக் கிடைக்கும். ஃப்ரீமனும் டெல்லியில் தூதராக இருந்த செஸ்டர் பவுல்ஸும் நேர்காணல் கொடுத்திருக்கிறார்கள். கோதுமையை இழுத்துப் பிடித்ததைப் பற்றி வேளாண் துறையின் பார்வையும் தூதரகத்தின் பார்வையும் ஒன்றல்ல. இருவரையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அந்தப் பஞ்சத் தொகுப்பு ஆட்சியின் இறுதியில் வெள்ளை மாளிகை அதிகாரிகளே தொகுத்தது என்பதையும், அதிபரின் கை வலுவாகத் தெரியும்படி காகிதங்கள் கோக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். கப்பலுக்காகக் காத்திருந்த பக்கத்தின் குரலை ஆஸ்டினில் தேடிப் பயனில்லை. அதற்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகமும், தீன்மூர்த்தி வளாகத்தில் பிரதமர்கள் அருங்காட்சியக நூலகம் வைத்திருக்கும் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பும் இருக்கின்றன. ஆஸ்டினுக்குப் போவதற்கு முன்பே அங்கே போய்விட்டு வந்தால், எந்தத் தேதியின் பெட்டியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தே பத்தாவது மாடிக்கு ஏறலாம்.